கோணல் மேசை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்த ‘ஆப்பிள் கூடை’யின் பிரிண்ட் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். மேசை விளிம்பு இடப்பக்கம் ஒரு மட்டம், வலப்பக்கம் ஒரு மட்டம். புட்டி வேறு சாய்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்படி வரைந்திருந்தால் டிராயிங் மாஸ்டர் காதைத் திருகியிருப்பார். மேதை வரைந்தது என்பதற்காகத் தலையாட்ட வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தலையாட்ட வேண்டாம். மேசை கோணல் என்று கண்டுபிடித்தீர்களே, முக்கால்வாசிப் பேர் அதைக்கூடக் கவனிப்பதில்லை.

அது கைப்பிசகு அல்ல. 1893 வாக்கில் இதை வரைந்தபோது செசானுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பழம் வேண்டிய கோணத்தில் நிற்க அடியில் காசு வைத்து முட்டுக்கொடுப்பாராம். அவ்வளவு பார்த்துப் பார்த்து அடுக்குகிறவருக்கு மேசையை நேராகப் போடத் தெரியாதா? கேமராவுக்கு ஒற்றைக் கண், ஒரே இடம். நாம் அப்படியா பார்க்கிறோம்? தலையைத் திருப்புகிறோம், கூடைக்குள் எட்டிப் பார்க்கிறோம், மறுபடி உட்கார்ந்து புட்டியைப் பார்க்கிறோம். அத்தனை பார்வையையும் ஒரே கேன்வாஸில் சேர்த்தால் மேசையின் இரு பக்கமும் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் வெள்ளைத் துணியின் மடிப்பைப் போட்டு மூடிவிட்டார், கெட்டிக்காரர். ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் பின்னால் கியூபிசத்துக்கு, அதாவது ஒரு பொருளைப் பல கோணங்களில் உடைத்து ஒரே படத்தில் காட்டும் பாணிக்குப் போனதற்கு இவர் ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் நிறம். ஆப்பிள் உருண்டையாகத் தெரிய ஒரு ஓரத்தில் பென்சிலால் கறுப்பாகத் தேய்க்கச் சொல்வார் நம் மாஸ்டர். செசான் நிறத்தை மாற்றியே உருட்டுகிறார். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்த தூரிகைத் தடங்கள்தான் பழம். கிட்டே போனால் தடங்கள், விலகினால் கனம்.

பிரிண்டில் இதில் பாதி செத்துப்போகும். அசல் சிகாகோவில் இருக்கிறது. அதற்காக விமானம் ஏற வேண்டாம். மும்பையில் இருந்துகொண்டு கே. எச். ஆராவின் படங்களைப் பார்க்காமல் இருக்கலாமா? ஆரா 1947-ல் அங்கே உருவான முற்போக்கு ஓவியர் குழுவில் ஒருவர். கார் கழுவியும் வீட்டுவேலை செய்தும் பிழைத்தவர். பூச்சாடியும் பழமுமாக வரைந்து தள்ளினார். செசானின் கணக்கு அவரிடம் கிடையாது, வேகம் உண்டு. சில படங்கள் எனக்கு அவசரமாகவே படுகின்றன, அது வேறு விஷயம். காலா கோடா பக்கம் போனால் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய் வண்ணமாக இருந்தால் பக்கவாட்டில் நின்று பாருங்கள், சாயத்தின் மேடுபள்ளம் தெரியும். பெயர் அட்டையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.