மீந்த சோற்றில் கேஸ் எடுக்க மாநகராட்சிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை இடத்தில் அக்காவும் நானும் மெஸ் நடத்துகிறோம். மீந்த சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு என்று தினமும் எழுபது கிலோ வரை சேர்கிறது. பின்கட்டில் ஃபைபர் டாங்க் வைத்து பயோகேஸ் எடுக்கலாம் என்று ஒரு கம்பெனிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். குப்பை விஷயமாகத் தெருவுக்கு வந்துபோகிற ஒருவர், "இதுக்குத் தனி லைசென்ஸ் வேணும், பதினஞ்சாயிரம் ஆகும், நானே முடிச்சுத் தர்றேன்" என்கிறார். குப்பைக் கட்டணத்தையும் வழக்கம்போல் கட்ட வேண்டுமாம். எதிர்வரிசை டிபன் கடைக்காரர்கள் இரண்டு பேர், தங்கள் கழிவையும் எடுத்துக்கொண்டால் மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் இப்போதே முணுமுணுப்பு. என்ன செய்யலாம், சார்?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்தப் பதினைந்தாயிரத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், அம்மா. டிபன் கடைக்காரர்களுக்கும் இன்னும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் கேள்வியில் சட்டச் சிக்கல் அதிகம் இருப்பது அந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முதலில் லைசென்ஸ். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே, ஓட்டல்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றுதான் சொல்லின. அவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துள்ள புதிய விதிகளும் ஈரக் குப்பையை உருவாகும் இடத்திலேயே முடிப்பதைத்தான் வலியுறுத்துகின்றன. சட்டம் செய்யச் சொன்ன வேலையை உங்கள் கழிவை வைத்து, உங்கள் அடுப்புக்காகச் செய்கிறீர்கள். இதை மெஸ்ஸிலிருந்து பிரித்துத் தனித் தொழில் என்று சொல்வது கடினம் என்பது என் கருத்து. மெஸ்ஸுக்கான தொழில் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், அது தனி. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே முடித்துவிடுங்கள். டாங்க்கைப் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த மனிதர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை என்றும் நான் சொல்ல மாட்டேன். எரியக்கூடிய பொருளைச் சேமிப்பதற்கும் மோட்டார் வைத்த இயந்திரத்துக்கும் உள்ளாட்சிகள் உரிமம் கேட்பது பழைய வழக்கம். உங்கள் டாங்க்கோடு ஒரு அரவை மோட்டாரும் வரும் என்று நினைக்கிறேன். அதன் குதிரைத்திறனை வைத்து ஏதாவது கட்டணம் சொன்னால் அதற்கு அடிப்படை இருக்கலாம். ஆனால் எந்தக் கட்டணமானாலும் அதற்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும். கட்டணம் வேறு, வரி வேறு என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே ஷிரூர் மடம் வழக்கில் பிரித்துச் சொன்னது. அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதே நம் மெட்ராஸிலிருந்துதான். அப்புறம் 1992-இல் அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் வழக்கு. சட்டம் வெளிப்படையாக அதிகாரம் கொடுக்காத ஒரு கட்டணத்தை, திட்டம் நல்லது என்பதற்காக வசூலிக்க முடியாது என்று அதில் தீர்ப்பானது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே. "1998 தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலோ 2023 விதிகளிலோ எந்தப் பிரிவின்படி, கட்டண அட்டவணையின் எந்த வரிசையின்படி, எவ்வளவு?" இதை ஒரு பக்க மனுவாக எழுதுங்கள். டாங்க்கின் கொள்ளளவு, மோட்டார் அளவு, சொந்தக் கழிவு மட்டும் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். நான்காவது மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அதே கேள்வியைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தொகை சரிதான் என்று எழுத்தில் வந்தால் தாராளமாகக் கட்டுங்கள், சலானோடு.

ரசீது இல்லாமல் கையில் கேட்டால் அது கட்டணமே இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். "எல்லாரும் கொடுக்கறாங்க" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

குப்பைக் கட்டணத்தில் உங்களுக்குப் பாதி நியாயம்தான் இருக்கிறது. ஈரக் குப்பையை நீங்களே முடித்தாலும் பால் கவர், அட்டைப்பெட்டி, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் வண்டிதானே எடுக்கப் போகிறது? குப்பை உருவாக்குகிற எல்லோரும் துணைவிதிகளில் சொன்ன கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பது 2016 விதிகளிலிருந்தே இருக்கும் கடமை. அளவு குறைந்ததைக் காட்டி, குறைந்த பிரிவில் சேர்க்கக் கோரி மனுக் கொடுக்கலாம். முழு விலக்கை எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாளொன்றுக்கு 100 கிலோ தொட்டால் நீங்கள் அதிக அளவில் குப்பை உருவாக்குவோர் பட்டியலில் வந்துவிடுவீர்கள். ஆன்லைன் பதிவு, தனிப் பொறுப்பு என்று கணக்கே மாறிவிடும். எழுபது கிலோ என்கிறீர்களே, அதில் வாழை இலை சேர்ந்ததா? சாப்பாட்டு மெஸ்ஸில் ஈரமான எச்சில் இலைக்கட்டு நன்றாகவே எடை இழுக்கும். நார் அதிகம் என்பதால் இலை டாங்க்கில் சீக்கிரம் கரையாது, பெரும்பாலும் வெளியே போடத்தான் செய்வீர்கள். ஆனால் 100 கிலோ கணக்கில் அதுவும் உண்டு. ஒரு நோட்டுப் போட்டு, தினமும் கடை அடைக்கும்போது சோறு, இலை, உலர் குப்பை என்று தனித்தனியாக எடை எழுதி வாருங்கள். நாளைக்கு யாராவது நோட்டீஸ் கொடுத்தால் என்னைவிட அந்த நோட்டு உங்களுக்காக நன்றாக வாதாடும்.

இப்போது டிபன் கடைக்காரர்கள். அடுத்தவர் கழிவைக் காசுக்கு வாங்கிய நிமிடமே "என் வீட்டுக் குப்பை" என்ற வாதம் போய்விடும். அதன் பிறகு நீங்கள் கழிவு பதப்படுத்தும் தொழில் செய்பவர். வாடகைக் குடியிருப்புகளுக்கு நடுவே அந்தத் தொழிலை நடத்த அனுமதி உண்டா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டுமா, தெருவில் கழிவைக் கொண்டுவர யாருக்கு அதிகாரம் என்று எல்லாமே கிளம்பும். தெருவுக்கு நல்லது என்பது உண்மைதான். கொடுங்கையூரில் மலையாகக் குவிந்த குப்பையோடு வாழும் வடசென்னைக்காரர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மாநகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இல்லாமல் ஒரு வாளிகூட வாங்காதீர்கள். கேஸை அழுத்தி சிலிண்டரில் அடைப்பதும் அப்படித்தான், அதற்கு வெடிபொருள் துறையின் உரிமம் தேவை. குழாய் வழியாக நேரே அடுப்புக்குப் போகட்டும்.

பக்கத்து வீட்டு முணுமுணுப்பை அலட்சியம் செய்யாதீர்கள். நாற்றம் வந்தால் உங்களிடம் எத்தனை காகிதம் இருந்தாலும் உதவாது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர், பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் 133 என்று இருந்தது அதுதான். மீன் கழிவை அன்றன்றே டாங்க்கில் போட்டுவிடுங்கள், ராத்திரி வாளியில் கிடக்க வேண்டாம். டாங்க்கிலிருந்து வரும் கரைசலைத் தெருச் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ விடவே கூடாது. அதை உரமாக எடுத்துப்போக நர்சரிக்காரர் யாரையாவது முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கடைசியாக, கம்பெனிக்காரர். எழுபது கிலோவுக்கு ஆறேழு கன மீட்டர் கேஸ் வந்தால் நல்லது. எல்பிஜி கணக்கில் அது ஏறக்குறைய மூன்று கிலோ. அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று மிச்சமாக ஆறு நாள் ஆகும். இதைவிட அதிகமாக அவர் சொல்லியிருந்தால், எவ்வளவு கழிவுக்கு எவ்வளவு கேஸ் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்று காட்ட முடிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு வழி உண்டு, ஆனால் அங்கே வாய்ப்பேச்சை நிரூபிப்பது பெரிய பாடு. இது எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். டாங்க் எங்கே வரும், காலி செய்யும்போது யார் எடுத்துப்போவது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.