பாட்டனாரின் வீடு பாட்டியின் பேரில் இருக்கும்

கேள்வி: எங்கள் பூர்வீகம் கீழக்கரை. வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். 1950களில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்டார். நாங்கள் வள்ளல் சீதக்காதி வழி என்று வாப்பா சொல்வார்கள். போன வருடம் வாப்பா மவுத்தான பிறகு, கீழக்கரையில் ஒரு வாரம் தங்கித் தேடினேன். பாட்டனார் பெயரில் வீடும் இல்லை, பத்திரமும் இல்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சகோதரி, பாட்டனாரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவர் மனைவியைத் தேடுங்கள். உங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஆகவே அவர் குடியிருந்த வீடு பாட்டியின் பேரிலோ, பாட்டியின் உம்மா பேரிலோ இருந்திருக்கும். இன்று அதில் இருப்பவர்கள் உங்கள் பாட்டியின் ராத்தா, தங்கச்சி வழிப் பேத்திகளாக இருக்கலாம். அந்தத் தெருவில் நீங்கள் பாட்டனார் பெயரை மட்டும் கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முதலில் நிக்காஹ் புத்தகம், அதாவது கல்யாணப் பதிவேடு. பெண் வீட்டுப் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகமான மஹல்லா ஜமாஅத்தில் கேளுங்கள். மணமக்கள், இருவரின் தகப்பனார், சாட்சிகள், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் என்று ஒரே பதிவில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். தேதி இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியில் இருக்கலாம். 1340 என்றால் 1921 செப்டம்பரிலிருந்து 1922 ஆகஸ்ட் வரை. வீட்டில் புரியாத அரபு எழுத்தில் பழைய கடிதங்கள் இருந்தால் ஓதிப்பார்த்து அரபி என்று ஒதுக்காதீர்கள், அது அரபு எழுத்தில் எழுதிய தமிழாக, அதாவது அரபுத்தமிழாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடிதக் கட்டை வெள்ளையடித்தபோது தூக்கிப் போட்டுவிட்டோம். இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர் வரிசையில் அங்கே அட்டவணை உண்டு. கட்டணம் கட்டி மனுக் கொடுத்தால் யாரும் பார்க்கலாம். பாட்டி பெயரைப் பல எழுத்தில் தேடுங்கள். மரைக்காயர் ஒரு பத்திரத்தில் மரக்காயராக இருப்பார், முகம்மது இன்னொன்றில் வெறும் ‘மு’ ஆகிவிடுவார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ஒரே பெயரில் இருவர் வந்தால் தகப்பனார் பெயரை ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பாட்டனாரின் பழைய பாஸ்போர்ட் கிடைத்தால் அதில் பிறந்த ஊரும் வருடமும் இருக்கும்.

வள்ளல் வழி என்பதை இப்போதைக்கு வாப்பாவின் பேச்சாகவே எழுதி வையுங்கள். அவர் 300 ஆண்டுகளுக்கு முந்தையவர். அங்கிருந்து கீழே இறங்கி வந்தால், நடுவில் உள்ள ஓட்டைகளை ஆசைதான் அடைக்கும். உங்களிடமிருந்து மேலே ஏறுங்கள். நாலு தலைமுறை உறுதியாகக் கிடைத்தாலே எனக்கு அது பெரிய சொத்து.

அடுத்த முறை பெருநாளையொட்டிப் போங்கள், வெளியூர்க்காரர்களும் வந்திருப்பார்கள். வயதான உம்மாமார்களிடம் வருடம் கேட்டால் வராது. “தனுஷ்கோடி போன புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேளுங்கள், 1964 டிசம்பரை மறந்தவர் அந்தக் கரையில் இல்லை. “உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?” என்று கேட்டுவிட்டு, போனில் பதிவை ஓடவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.