அப்பாவின் சீட்டுக்காசும் பிள்ளையின் வலிப்பும்

தங்கச்சி, அப்பா சீட்டுப் பிடித்து ஊரார் காசை விழுங்கிய பாவம்தான் உங்கள் மகனுக்கு வலிப்பாக வந்திருக்கிறது என்று வெள்ளவத்தை ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

அவர் காட்டியது யாத்திராகமம் 20:5 ஆக இருக்கும். தகப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிப்பேன் என்று ஆண்டவர் சொல்வதைச் சத்தமாக வாசிப்பார்கள். அதே வசனத்தில் 'என்னைப் பகைக்கிறவர்கள்' என்றும் இருப்பதை விழுங்கிவிடுவார்கள்.

எசேக்கியேல் 18ஐ எடுத்துப் பாருங்கள். யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டிருந்த காலத்தில் சனங்களிடம் ஒரு பழமொழி இருந்தது: தகப்பன் புளித்த திராட்சைக் காயைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசியது. இனி அதைச் சொல்லாதேயுங்கள் என்கிறார் ஆண்டவர். 20ஆம் வசனத்தில், தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று பச்சையாகவே இருக்கிறது. அமத்சியா ராஜா தன் தகப்பனைக் கொன்றவர்களைக் கொன்றான், அவர்களின் பிள்ளைகளைத் தொடவில்லை (2 இராஜாக்கள் 14). மனிதனுக்கே அந்த நியாயம் தெரிந்திருக்கிறது!

அப்புறம் யோவான் 9. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம், இவனா பெற்றவர்களா என்றார்கள். இரண்டுமில்லை என்றார் இயேசு.

அப்பாவால் காசு இழந்தவர்களின் கஷ்டம் வேறு விஷயம், அது உண்மையான கஷ்டம். முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மகன் சுகமாக வேண்டும் என்ற பேரத்துக்காக வேண்டாம்.

குளிசையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அடுத்த கிளினிக் எப்போது?