டிராகன் பாலும் ஹல் சீஸும்: பழைய ஆங்கிலக் குடிச்சொற்கள் – கேள்வி பதில்

16, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் ஏல் கடைகளில் புழங்கிய கொச்சைச் சொற்களைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே. ஏல் என்பது பார்லியில் காய்ச்சும் மது, பீரின் மூத்த சொந்தம்.

மலர்விழி: கடுமையான ஏலுக்கு 'டிராகன் பால்' என்று பெயர் இருந்தது நிஜமா, அண்ணா?

நிஜம்தான் மலர். எசெக்ஸில் ராட்வின்டர் ஊர்ப் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு பட்டியலே தருகிறார். சந்தை ஊர்களில் தேடிப்போய்க் குடிப்பவர்கள் வைத்த பெயர்கள் அவை: ஹஃப்கேப், வெறிநாய், தேவதைகளின் உணவு, டிராகன் பால், சுவரோரம் போ, காலை அகட்டு, காலைத் தூக்கு. அச்சில் எழுதக் கூசும் ஒன்றும் நடுவில் உண்டு. ஹஃப்கேப் என்றால் தலைக்கேறித் தொப்பியையே தூக்கிவிடும் சரக்கு.

கடைசி மூன்றையும் பாருங்கள். மூன்றுமே குடித்தவனின் நடை. சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறான், கால் அகலுகிறது, தேவையில்லாத உயரத்துக்குத் தூக்கி வைக்கிறான். மதுவின் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது ஆளை என்ன செய்யும் என்பதே பெயராகிவிட்டது. இந்தச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பின்னாளில் வந்த 'நாக் மீ டவுன்', அதாவது 'என்னை வீழ்த்து', அதே வழியில் பிறந்ததுதான்.

சரவணன்: அந்தக் காலத்தில் எல்லாருமே தண்ணீருக்குப் பதில் இதைத்தான் குடித்தார்களா?

இல்லை தம்பி. தண்ணீரும் குடித்தார்கள். அன்றாடம் சாப்பாட்டோடு குடித்தது 'ஸ்மால் பீர்', ரொம்ப லேசானது. மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியம், ஒரே ஈட்டை இரண்டு மூன்று முறை வெந்நீர் ஊற்றி வடிப்பார்கள். முதல் வடிசாறு கெட்டி, அது கடுமையான ஏலாகும். கடைசி வடிசாறு ஸ்மால் பீர். விலையும் அதற்கேற்ப மாறும்.

காய்ச்சுபவர்களுக்குக் கெட்டியானதில்தான் லாபம். 'டபுள் டபுள் பீர்' என்ற பெயரில் வீரியமானதையே காய்ச்சி, சாதாரண பீரை விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்று 1560-ல் எலிசபெத் ராணியே குறைப்பட்டார்.

இன்னொன்று 'அக்டோபர்'. புது அறுவடை மால்ட்டில் அந்த மாதம் காய்ச்சி, பீப்பாயில் நாள்பட வைத்த ஏலுக்கு மாதத்தின் பெயரே நிலைத்தது. 1711 வாக்கில் லண்டனில் கூடிய, டோரி என்ற அரசியல் கட்சியின் எம்.பி.க்கள் குழுவுக்கு 'அக்டோபர் கிளப்' என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

கவிதா: 'ஹல் சீஸ்' என்று ஒரு பழமொழியில் படித்தேன். சீஸுக்கும் குடிக்கும் என்ன தொடர்பு?

அது சீஸே இல்லை. ஹல் துறைமுக நகரத்தின் கடுமையான ஏலுக்குத்தான் அந்தப் பெயர். 'ஹல் சீஸ் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான்' என்றால் போதையில் இருக்கிறான் என்று பொருள். தேம்ஸ் நதிப் படகோட்டியும் கவிஞருமான ஜான் டெய்லர் 1622-ல் ஹல் போனபோது இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹல் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்துக்கு 'ஸ்டிங்கோ' என்ற இன்னொரு புகழ்பெற்ற பெயரும் உண்டு. கொட்டுவது போல் உறைக்கும் பழைய ஏல் அது.

இம்ரான்: குடிகாரர்களை விலங்குகளோடு ஒப்பிட்டது யார், சார்?

தாமஸ் நாஷ் என்ற ஆங்கில எழுத்தாளர், 1592-ல். எட்டு வகை சொல்கிறார். குரங்குப் போதையில் துள்ளிப் பாடுவான். சிங்கப் போதையில் குவளையை வீசிச் சண்டைக்கு வருவான். பன்றிப் போதையில் கனத்துப்போய்த் தூங்கி வழிவான், ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்பான். செம்மறிப் போதைக்காரன் வாய் குழறும்போதும் தன்னைப் பெரிய அறிவாளி என்று நினைப்பான். மாட்லின் போதையில் அன்பு பொங்கி அழுது முத்தம் கொடுப்பான். கண்ணீரோடு சித்தரிக்கப்படும் மகதலேனா மரியாளின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மார்ட்டின் போதையில் குடித்துக் குடித்தே தெளிந்துவிடுவான். வெள்ளாட்டுப் போதையில் காமம், நரிப் போதையில் தந்திரம். நாலு நிமிடம் ஒரு கடையில் நின்று பார்த்தவர் எழுதியதல்ல இது. மனிதர்களை நெடுநாள் கவனித்தவரின் எழுத்து.

தேவி: நல்ல போதையில் இருப்பவனை 'த்ரீ ஷீட்ஸ் இன் த விண்ட்' என்பார்களே, அது கப்பலின் மூன்று பாய்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கப்பல்காரர்கள் பேச்சில் ஷீட் என்பது பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு. மூன்று கயிறும் அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் குடித்தவனைப் போலத் தள்ளாடும்.

பிரபு: இவற்றைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

ஃபிரான்சிஸ் குரோஸ் 1785-ல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் தொடங்குங்கள். படையில் பணியாற்றியவர், ஆகவே சிப்பாய்களின் பேச்சு அதில் நிறைய இருக்கும். ஸ்மால் பீரைச் சிப்பாய்கள் 'ஆக்ட் ஆஃப் பார்லிமென்ட்' என்றார்களாம். தங்கவந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் 5 பைண்ட் (ஒரு பைண்ட் சுமார் அரை லிட்டர்) இலவசமாகத் தர வேண்டும் என்று விடுதிக்காரருக்கு ஒரு காலத்தில் சட்டம் இருந்தது என்று காரணமும் தருகிறார்.