எழுப்பிவிடும் மின்கதிரை: வாங்கலாமா, வேண்டாமா?

திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபி செய்தவள் நான். என் அம்மாவின் கடைசி ஆறு வருடமும் ஒரு மின்கதிரையோடுதான் போனது. பட்டனை அழுத்தினால் பின்னுக்குச் சாயும், காலை உயர்த்தும், பிறகு அடியோடு முன்னுக்குச் சரிந்து ஆளை எழுப்பி நிறுத்தும் கதிரை. வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோருக்கு இதை வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

உவர்மலையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. சாய்மனைக் கதிரையில் இருந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். எழும்பிவிட்டால் குசினி வரை நடப்பார். வாங்கலாமா அக்கா?

எழும்பினால் நடப்பார் என்கிறீர்களே தங்கச்சி, அப்படிப்பட்டவருக்காகத்தான் இந்தக் கதிரை. ஆனாலும் உடனே வாங்க வேண்டாம். முதலில் அந்தச் சாய்மனைக் கதிரையை விட்டுவிடுங்கள். துணி தொய்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே போனால், நல்ல கால் உள்ளவருக்கே எழும்புவது சிரமம்.

அம்மாவை இருத்திப் பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளவெடுங்கள். கைப்பிடி உள்ள உறுதியான மரக்கதிரை ஒன்றை, அந்த அளவை விட இரண்டு அங்குலம் உயரமாக வரும்படி ஓடாவியிடம் கொடுத்து உயர்த்துங்கள். கதிரைக்கால் வழுக்காமல் இருக்க, அடியில் வைக்கும் கட்டையில் குழி வெட்டச் சொல்லுங்கள். இருப்பவரின் பாதம் முழுதாக நிலத்தில் படவேண்டும்.

இரண்டு கிழமை பாருங்கள். கைப்பிடியை ஊன்றித் தானாக எழும்பினால் உங்கள் காசு மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், தொடையின் பலம் குறையாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழும்புவது அந்த வயதில் நல்ல உடற்பயிற்சி. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் மின்கதிரையை வாங்குங்கள்.

பாலையூற்று: அப்பாவுக்குப் பக்கவாதம். நிற்க முடியாது, தூக்கித்தான் கட்டிலுக்கு மாற்றுகிறோம்.

வேண்டாம். கதிரை முன்னுக்குச் சரியும்போது உடம்பின் பாரம் பாதத்தில் இறங்கும். அதைத் தாங்க முடியாதவர் வழுக்கி நிலத்தில் விழுவார். இன்னொன்று, தானாக அசைய முடியாதவரை நாள் முழுக்கச் சாய்த்து வைத்தால் முதுகின் அடியிலும் குதிக்காலிலும் புண் வரும். அந்தக் காசில் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலும், கைப்பிடி கழற்றக்கூடிய சக்கர நாற்காலியும் வாங்குங்கள். கட்டிலிலிருந்து கதிரைக்கு எப்படி மாற்றுவது என்று ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பிரிவில் ஒருமுறை நேரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பும் தப்பும்.

கிண்ணியா: வாப்பா ஆறடி உயரம், பெரிய உடம்பு. ஒரு மோட்டரா, இரண்டு மோட்டரா நல்லது?

மோட்டருக்கு முன் அளவைப் பாருங்கள். சாதாரணக் கதிரைகள் பல 136 கிலோ வரைதான் தாங்கும். கனமானவருக்கென்று 225 கிலோ தாங்குபவையும் உண்டு. இருக்கையின் ஆழம் கூடினால் முதுகு வளையும், குறைந்தால் தொடை தொங்கும். ஒரு மோட்டர் என்றால் முதுகும் காலும் பெரும்பாலும் சேர்ந்தே அசையும். இரண்டு இருந்தால் காலை மட்டும் உயர்த்தி, நிமிர்ந்திருந்து சாப்பிடலாம். கால் வீங்குபவருக்கு அது பெரிய ஆறுதல். மூச்சு வாங்கும் இதய நோயாளி என்றால் எவ்வளவு சாய்க்கலாம் என்று டொக்டரைக் கேளுங்கள்.

டொரொண்டோவிலிருந்து ஒரு மகன்: பெற்றோர் நிலாவெளியில். இங்கேயே வாங்கி அனுப்பவா?

தம்பி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய கதிரையை, பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினோம். ஒரு நிமிடத்தில் கரிந்த மணம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நல்லவேளை, மோட்டர் நேரடியாக வீட்டுக் கரண்டில் ஓடுவதில்லை. வயரின் நடுவில் உள்ள கறுப்புப் பெட்டி அதைக் குறைத்துக் கொடுக்கிறது. எரிந்தது அந்தப் பெட்டி. அதே வோல்ட், அதே அம்பியர், அதே முனையோடு இன்னொன்று கிடைக்க ஆறு கிழமை போனது. அதுவரை கதிரை அசையவில்லை, அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அதனால் அந்தக் கறுப்புப் பெட்டியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். றிமோட்டும் இன்னொன்று சேர்த்து அனுப்புங்கள்.

நிலாவெளி என்பதால் உப்புக்காற்றையும் யோசிக்க வேண்டும். கதிரையின் அடியில் உள்ளதெல்லாம் இரும்பு. பிளக்கைக் கழற்றிவிட்டு மாதம் ஒருமுறை துடைத்துத் துருவைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் மாதிரி இருக்கும் மலிவான உறை நம் வெயிலுக்கு உரியும், வியர்வையில் உடம்போடு ஒட்டும். துணி உறைதான் நல்லது. வாசல் அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுப்பகுதி கழருமா என்றும் கடையில் விசாரியுங்கள்.

சாம்பல்தீவு: கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அதை நினைத்துத்தான் வாங்க வேண்டும். சில கதிரைகளின் பெட்டியில் இரண்டு 9 வோல்ட் பற்றரி போடலாம். அது ஒருமுறை நிமிர்த்திவிடத்தான் காணும். பல மாதம் கிடந்தால் பற்றரி செத்துப்போகும், அதனால் இடைக்கிடை பிளக்கைக் கழற்றிச் சோதியுங்கள். கரண்ட் போனதும் கால்பலகையின் மேல் ஏறி இறங்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆள் பாரத்தைத் தாங்காது, கதிரையே கவிழும்.

தம்பலகாமம்: எழும்பியதும் அம்மம்மாவுக்குத் தலை சுற்றுகிறது.

முதலில் கால்பலகையை இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். பிறகு கதிரையைப் பாதி உயர்த்தி நிறுத்தி, அதன் பிறகு மிச்சத்தை உயர்த்துங்கள். படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் பிரஷர் பார்த்து டொக்டரிடம் காட்டுங்கள். குடிக்கிற மருந்தும் காரணமாக இருக்கலாம்.

இன்னொருவர்: பேரப்பிள்ளைகள் உள்ள வீடு. எதைக் கவனிக்க வேண்டும்?

கதிரை இறங்கும்போது அடியில் கையோ பூனையோ இருந்தால் நசுங்கும். ஆள் இல்லாத நேரம் பிளக்கைக் கழற்றுங்கள்.

லிங்கநகரிலிருந்து ஒரு அம்மா: பிள்ளைகள் வாங்கப் போகிறார்கள். எனக்கு விருப்பமில்லை. அதிலேயே இருந்து இருந்து நடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, பிள்ளை.

உங்கள் பயம் சரிதான் அம்மா, அதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வாங்கினாலும் முழுக்க உயர்த்த வேண்டாம். உங்கள் காலால் எழும்பக்கூடிய உயரம் வந்ததும் பட்டனை விட்டுவிடுங்கள். மிச்சத்தை நீங்களே எழும்புங்கள். றிமோட் எப்போதும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், மருமகளின் கையில் அல்ல. என் அம்மாவும் உங்களைப் போலத்தான் வேண்டாம் என்றார். கதிரையை வீதி தெரிகிற யன்னலோரம் போட்டோம். கோணேசர் நகர்வலம் வருகிற அன்று மேளம் கேட்டதும் பாதி உயர்த்துவார். பிறகு யன்னல் கம்பியைப் பிடித்துத் தானே எழும்பி, சுவாமி தாண்டும் வரை நின்று கும்பிடுவார்.