பூர்ஜமும் சரளமும் ஒரே மலையில் எப்படி?

காளிதாசன் பாட்டில் பிழை இல்லை. அவனுடைய சமஸ்கிருதக் காவியம் குமாரசம்பவத்தில், இமயத்தைப் பாடும் முதல் சருக்கத்தில், ஏழாம் பாட்டில் பூர்ஜ (பிர்ச்) மரத்தின் பட்டை, ஒன்பதாம் பாட்டில் யானை உரசிப் பால் வடியும் சரளம். இரண்டும் சேர்ந்து வளராதே என்கிறீர்கள். வளராதுதான். சரளம், அதாவது சிர் பைன், சுமார் 2,000 மீட்டருக்குக் கீழே. பூர்ஜம் 3,000 மீட்டருக்கு மேல், மரங்களே முடியும் எல்லையில். காளிதாசன் பாடுவது ஒரு சரிவை அல்ல, மொத்த இமயத்தை.

மூலத்தைப் பாருங்கள்: இரண்டு பாட்டிலும் ‘யத்ர’, அதாவது ‘எங்கு’, தனித்தனியே வரும்; இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. ஏழாம் பாட்டில் யானையே இல்லை. பட்டையில் தாதுச்சாற்றால், அதாவது கனிமச் சாயத்தால், எழுதிய எழுத்தின் சிவப்புக்கு யானைப் புள்ளி வெறும் உவமை. பால் என்பதும் பைன் பிசின்தான், அழகாகக் கவனித்திருக்கிறான்.

பதினைந்தாம் பாட்டுத் தேவதாருவில் மட்டும் கவனம். அது இமயத்து மரம். நம் ஊர்க் காடுகளில் அந்தப் பெயரில் சொல்லும் குறுமரம் வேறு.