கறியை நிறுத்தினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்குச் சென்ற ஆண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் கறி எடுப்பதில்லை. முட்டை, நெய் எதுவும் கிடையாது. மூன்று வேளையும் சோறு அல்லது இட்லி, நடுவில் தேநீரும் பிஸ்கட்டும். எடை கூடிவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. இப்போது உறவினர் ஒருவர், 'கொழுப்பு கெடுதல் என்பதே பொய். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் ஆட்டுக்கறி சாப்பிடுங்கள், நம் தாத்தாக்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்' என்கிறார். யாரை நம்புவது?

வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். 1994இல் வெளியான ஸ்காண்டினேவிய ஆய்வில் இதய நோயாளிகள் 4,444 பேர் கலந்துகொண்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் இறந்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 8 பேர். உங்கள் அப்பா அந்த நோயாளிகளின் வரிசையில் இருப்பவர். உணவைப் பற்றி யார் என்ன வாதிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆனால் விலங்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரை மீது சந்தேகம் எழுவதில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானோரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு விலங்குக் கொழுப்பைக் குறைத்து மக்காச்சோள எண்ணெய் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியது, மரணம் குறையவில்லை. இந்த முடிவுகளில் ஒரு பகுதி 1989இல் வந்தது, விரிவாக வெளிவந்தது 2016இல்தான். இத்தனை கோடிப் பேரின் தட்டைத் தீர்மானித்த ஓர் அறிவுரைக்கு எதிரான சான்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முழுதாக வெளிவராமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதற்காக ஆட்டுக்கொழுப்பு நெஞ்சுக்கு நல்லது என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. உங்கள் உறவினர் தாண்டிப்போகும் இடம் அது.

கறியை எடுத்த இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் பல்லாண்டு கவனித்த ஆய்வு 2015இல் வந்தது. நெய், கறி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துவிட்டுச் சர்க்கரையும் தீட்டிய மாவும் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் குறையவில்லை. முழுத் தானியமோ நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெயோ சேர்த்தவர்களுக்குக் குறைந்திருந்தது. இது சோதனை அல்ல, கவனிப்புதான். ஆனாலும் உங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது.

தாத்தாக்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கமும் தேன்கனிக்கோட்டை பக்கமும் அவர்கள் அன்றாடம் சாப்பிட்டது கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை. கறி என்பது கிடா வெட்டுக்கும் பண்டிகைக்கும். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஆட்டை விற்ற பணம் வீட்டுக்கு வந்தது, ஆடு இலைக்கு வரவில்லை. போதாக்குறைக்குப் பகல் முழுதும் காட்டு வேலை. அவர்களைச் சாட்சிக்கு அழைத்துத் தினமும் கறி தின்னச் சொல்வது அவர்கள் வாழ்க்கையைத் தெரியாமல் பேசுவது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சோறும் பிஸ்கட்டும் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பாருங்கள். அவர் சம்மதித்தால் வாரம் ஒருநாள், கொழுப்பை நீக்கிய கறியில் நாலைந்து துண்டு போதும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் சிறு உருண்டைக் களி, அவரைக்கொட்டையோடு. பெரிய உருண்டை சர்க்கரையை ஏற்றிவிடும். பிஸ்கட்டை இன்றே நிறுத்தலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.